வீட்டுக்கு வந்த எஸ்.ஐ.

புதன், இரவு.

என்னைப் பலாத்காரம் செய்த பனியன் கம்பெனி சூப்பர்வைசர் மீது இன்று வாக்குமூலம் கொடுத்தேன். ஸ்டேஷனுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. பெண் எஸ்.ஐ. சாதாரணச் சேலையில் எங்கள் வாடகை வீட்டுக்கே வந்தார்.

"பேரு வெளிய தெரிஞ்சா இவள யாரு கெட்டுவா? கேஸே வேண்டாம்மா," என்றாள் அம்மா.

"பேரை யாரும் வெளிய சொல்லக் கூடாதுங்க, அது சட்டம். கேஸ் வேணுமான்னு உங்க புள்ளதான் சொல்லோணும். சொல்லு கண்ணு."

வேண்டும் என்றேன். அழுகை வந்தபோதெல்லாம் அவர் எழுதுவதை நிறுத்திக் காத்திருந்தார். நாளை மாஜிஸ்ட்ரேட்டிடமும் இதையே நான் சொல்ல வேண்டும் என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து எல்லாம் கேட்டிருக்கும்.

ராத்திரி சோறு போடும்போது, "நாளைக்கு மாஜிஸ்ட்ரேட்கிட்ட போகணும்லா? நானும் வாரேன்," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். இருந்தாலும் சொன்னாள்.