இரண்டுக்கு ஒன்று

ஆவணி, வெள்ளி இரவு

இரண்டு பெரிய கடைக் கம்பெனிகள் எங்கள் ஏலக்காயைக் கேட்கின்றன. பணம் மூன்று மாதம் கழித்துத்தான். இந்த வருட விளைச்சல் முழுதும் இரண்டில் ஒன்றுக்கே போகிறது. எந்தக் கம்பெனி பணம் தரும்வரை நொடிக்காமல் தாங்கும் என்று மருமகள் மல்லிகாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

இன்று அவள் இரண்டு கம்பெனிகளின் ஆண்டுக் கணக்கையும் தமிழில் எழுதி என்னிடம் நீட்டினாள். “வாசிங்க மாமா.”

இந்த வயதில்தான் எழுத்துப் படித்தவன் நான்; விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். சீக்கிரம் காசாகக்கூடிய சொத்துக்கும், சீக்கிரம் கட்ட வேண்டிய கடனுக்கும் உள்ள விகிதம். முதல் கம்பெனிக்கு இரண்டுக்கு ஒன்று. அடுத்ததற்கு ஒன்றுக்கு ஒன்றுகூட இல்லை.

“எண்ணு கம்மியா இருக்கிறவனுக்கே குடு தாயி” என்றேன்.

மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள். “மாமா, இது காய் உலத்துற கணக்கில்ல! அங்கதான் அஞ்சு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ காஞ்ச காய், எண்ணு கொறஞ்சா நமக்கு நல்லது. இங்க ஒரு ரூவா கடனுக்கு ரெண்டு ரூவா இருந்தாத்தான் நம்ம காசு வரும்.”

“எழுத்து படிச்சும் புத்தி இன்னும் உலத்துற எடத்துலயே கெடக்கு” என்றாள் என் வீட்டுக்காரி.

எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. காய் முதல் கம்பெனிக்குத்தான். நாளைக் காலை லோடு போடிமெட்டிலிருந்து இறங்குகிறது. மூட்டைகளில் கம்பெனியின் பெயரை என்னையே எழுதச் சொல்லிவிட்டாள் மல்லிகா. இத்தனை காலம் நான் சுமந்த மூட்டைகளில் என்ன எழுதியிருந்தது என்றே எனக்குத் தெரியாது.

பெயர் கொஞ்சம் நீளம். பழைய தாளில் எழுதிப் பார்த்தேன். பாதி சரியாக வந்தது. கண் சொக்குகிறது. மிச்சத்தை மூட்டை மேலேயே எழுதிக்கொள்கிறேன்.