உபயம்: பெ. சுப்பண்ணன், கலங்கல்

17 நவம்பர் 2024, ஞாயிறு

சிங்காநல்லூர் குளக்கரையில் காலை சைக்கிள் ஓட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். தூறல் விழுந்ததால் ஒண்டிப்புதூரோடு திரும்பிவிட்டோம். பேக்கரியில் வழக்கமான பேச்சு: திருச்சி ரோட்டில் சைக்கிளுக்குத் தனிப்பாதை எப்போது வரும், நாம் கொடுத்த மனு எந்த மேசையில் தூங்குகிறது. ஒன்பது வருடமாக இதே பேச்சு. நான் ஆரம்பித்த சங்கம்தான், எனக்கே அலுப்பாக இருக்கிறது.

அதனால்தான் வாய்க்கால்மேட்டு வேலையை அவ்வளவு ஆசையாக எடுத்தேன். சூலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊர். தறிக்கூடத்துக்குப் போகும் பெண்களுக்கு இருந்த ஒரே காலைப் பஸ்ஸும் நின்றுவிட்டது. ஆறு மணி ஷிஃப்டுக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிறார்கள். பழைய லேடீஸ் சைக்கிள் இருபது வாங்கித் தந்தவர் கலங்கல் சுப்பண்ணன். தென்னந்தோப்பு வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு சைக்கிள் ஓட்ட வருகிறவர். நாங்கள் பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, செயின் கவரில் 'உபயம்: பெ. சுப்பண்ணன், கலங்கல்' என்று எழுதி, மூன்று வாரம் முன்பு விழா வைத்து ஒப்படைத்தோம். எழுதும் யோசனை என்னுடையது. கோயில் டியூப்லைட்டுக்கே உபயம் எழுதுகிறார்கள், இதற்கு எழுதினால் என்ன? பெயின்டர் கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது.

அன்று ஒவ்வொரு சீட்டையும் நானே ஸ்பேனர் பிடித்து உயரம் வைத்தேன். "சரியா இருக்குங்களா?" என்று இருபது பேரையும் கேட்டேன். இருபது பேரும் "செரிங்க" என்றார்கள்.

எங்கள் சங்கச் செயலாளர் மோகனப்பிரியா நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒருத்தரும் ஓட்டுவதில்லையாம். இருபதில் ஒன்றுகூட.

ஏன்?

18 நவம்பர், திங்கள்

ஏன் என்று இன்னும் தெரியவில்லை. ஆபீசில் பம்ப் டிராயிங்கில் ஒரு அளவைத் தப்பாகப் போட்டேன்.

24 நவம்பர், ஞாயிறு

நானே போனேன். எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். காபி கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள். சைக்கிள் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நெம்ப நல்லாருக்குதுங்க." ஓட்டுகிறீர்களா என்றால் "ஓட்டோணுமுங்க." எப்போதிலிருந்து என்றால் "ஆகட்டுங்க, பாத்துக்கலாமுங்க." இதற்கு மேல் நான் என்ன கேட்பது?

பாப்பாயி என்று ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். அன்று விழாவில் முதல் சைக்கிள் வாங்கியவர். இரண்டு முறை ஷிஃப்டுக்குத் தாமதமாகிவிட்டதாம், இன்னொரு முறை ஆனால் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறான். இதைச் சொல்லும்போது சைக்கிள் அவருக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நிற்கிறது! செயின் கவர் முழுக்கப் பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். மழைக்குத் துருப்பிடிக்காமல் இருக்க என்று நினைக்கிறேன். இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பவர் ஏன் ஓட்டவில்லை?

நான் கிளம்பும்போது எதிரே மளிகைக் கடை வாசலில் நின்ற ஒரு ஆள் பாப்பாயியைப் பார்த்து, "ஏனம்மணி, சுப்பண்ணன் வண்டி சும்மாவே நிக்குதே?" என்று சத்தமாகக் கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். பாப்பாயி உள்ளே போய்விட்டார். சுப்பண்ணனுக்கு இந்த ஊரில் இவ்வளவு பெயரா என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

1 டிசம்பர், ஞாயிறு

ஓட்டத் தெரியாததுதான் காரணம் என்று முடிவு செய்து, பள்ளிக்கூட மைதானத்தில் வகுப்பு வைத்தோம். ஒன்பது பேர் வந்தார்கள். அவரவர் சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், ஒருவரும் கொண்டுவரவில்லை. சரி என்று என் சைக்கிளைக் கொடுத்தேன். பாப்பாயி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, மைதானத்தை மூன்று சுற்று சுற்றி, மூன்றாவது சுற்றில் ஒரு கையை விட்டுவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

என்னைவிட நன்றாக ஓட்டுகிறார். அப்புறம் என்னதான்யா பிரச்சினை?

2 டிசம்பர், திங்கள்

நாயாக இருக்குமோ. அந்த ரோட்டில் நாய் அதிகம்.

8 டிசம்பர், ஞாயிறு

சங்கக் கூட்டம். மோகனப்பிரியா பேங்கில் வேலை செய்கிறவர், எதையும் தேதி போட்டுத்தான் பேசுவார். "ஜனவரி முடியட்டுங்க சார். அப்பவும் ஓடலைன்னா திருப்பி வாங்கி, போத்தனூர்ல அந்த ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் குடுத்தர்லாம். சும்மா நிக்கறதுக்கு நாம எதுக்கு ராத்திரி பகலா கிரீஸ் போட்டோம்?" மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவர் சொல்வதில் தப்பில்லை.

இன்னொரு குழப்பம். இவை ஓடினால் தை மாதம் இன்னும் முப்பது வாங்கித் தருவதாகச் சொன்ன சுப்பண்ணன் ஐந்து வாரமாக ஞாயிறு ஓட்டத்துக்கு வரவில்லை. போன் செய்தால் "தோப்புல வேலைங்க" என்கிறார். கோபமா? ஓடவில்லை என்பது காதுக்குப் போய்விட்டதா?

15 டிசம்பர், ஞாயிறு

இருபது சைக்கிளுக்கும் லைட் மாட்டிக் கொடுத்தேன். காலை ஐந்தரைக்கு இருட்டுத்தானே, அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. "நெம்ப வெளிச்சமா இருக்குதுங்க" என்றார்கள்.

பாப்பாயியின் தறி போய்விட்டது. மூன்றாவது முறையும் தாமதம். இப்போது தறிக்கு நூல் தார் சுற்றும் வேலையில் போட்டிருக்கிறார்கள், கூலி பாதிதான். பதினெட்டு வருடம் தறி ஓட்டியவர். "செரி, பரவால்லீங்க" என்று என்னையே சமாதானப்படுத்துகிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சைக்கிள் இருக்கையில ஏனுங்க நடந்து போறீங்க?" என்று குரலை உயர்த்திவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

22 டிசம்பர், ஞாயிறு

வாய்க்கால்மேட்டில் சென்னியம்மாள் என்பவர் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கோவிச்சுக்காதீங்க. ஊட்ல எடமில்லீங்க." வாசலில் பத்து சைக்கிள் நிறுத்த இடம் இருந்தது.

என் சைக்கிளின் பின்சக்கரம் கடையில் இருப்பதால் பஸ்ஸில்தான் போயிருந்தேன். அதனால் அந்தச் சைக்கிளையே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். சூலூர்ப் பிரிவில் ஒருவர் என்னை நிறுத்தி, "கலங்கல்லீங்களா?" என்றார். இல்லை என்றேன். அடுத்த பேக்கரியில் வண்டியை நிறுத்தி டீ குடிக்கும்போது மாஸ்டர் எட்டிப் பார்த்து, "சுப்பண்ணன் ஆளுங்களா?" என்றார். ஒண்டிப்புதூர் சிக்னலில் லாரியிலிருந்து ஒருவன், "ஏனுங்க சுப்பண்ணா, லேடீஸ் வண்டியா?" என்று கத்திவிட்டுப் போனான். ஷாஹுல் ஹமீது என்று அத்தா வைத்த பெயர் பத்து கிலோமீட்டரில் சுப்பண்ணன் ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மனைவி நஸ்ரியாவிடம் சொன்னேன். நல்ல கதை, சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கேட்டாரு அந்த பேக்கரிக்காரரு?"

"சுப்பண்ணன் ஆளானு."

"உங்களைக் கேட்டா சிரிப்பா இருக்குதுங்க. அந்தப் பாப்பாயிம்மாவைக் கேட்டா?"

23 டிசம்பர், திங்கள்

ஆளு. சுப்பண்ணன் ஆளு.

ஆம்பளையச் சொன்னா வேலைக்காரன். பொம்பளையச் சொன்னா என்னன்னு ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல எத்தனை பேரை அப்படிக் கிண்டல் பண்ணியிருப்பேன். இருபது பொம்பளைங்க வண்டியில எவனோ ஒருத்தன் பேரை, ஊரோட, இனிஷியலோட, அச்சு மாதிரி எழுதிக் குடுத்திருக்கேன். நாந்தான். வேற யாருமில்ல. விழா வெச்சு, மைக்ல வாசிச்சு.

சேலைத் துணி மழைக்கு இல்லை.

ஓட்டத் தெரியாது, நாய், இருட்டு என்று ஐந்து வாரம் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கேயோ தேய்ந்திருக்கும், எங்கேயோ கழன்றிருக்கும், கண்டுபிடித்து முறுக்கினால் போதும் என்றுதான் நான் எப்போதும் நினைக்கிறேன். கண்ணுக்கு முன்னால் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. அந்த மளிகைக் கடைச் சிரிப்பைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். பாப்பாயியின் தறி போனது என்னால்தான்.

25 டிசம்பர், புதன்

லீவு. பாப்பாயி வீட்டுக்குப் போனேன். எப்படிக் கேட்பது? 'உங்களை அப்படிச் சொல்கிறார்களா' என்று ஒரு பெண்ணிடம் கேட்க முடியுமா? பஸ்ஸில் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், நாலும் கேவலமாக இருந்தது. கடைசியில், "செயின் கவர்ல எழுத்து வேண்டாம்னு நினைக்கறனுங்க. அழிச்சர்லாமுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"எதுக்குங்க, இருந்துட்டுப் போவுது" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே அவரே சொன்னார்.

"மண்ணெண்ண போட்டுத் தொடச்சுப் பாத்தனுங்க. போகலீங்க. நெம்ப நல்ல பெயின்ட்டுங்க."

மன்னிப்புக் கேட்டேன். "அட, நீங்க நல்லதுக்குத்தானுங்க செஞ்சீங்க" என்று காபி போடப் போய்விட்டார்.

29 டிசம்பர், ஞாயிறு

இனி சுப்பண்ணன். பெயரை அழிக்கிறோம் என்று கொடுத்தவரிடமே சொல்ல வேண்டும். முப்பது சைக்கிள் போனாலும் போகிறது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் தோப்புக்குப் போனேன். இளநீர் வெட்டிக் கொடுத்தார். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். மனிதர் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"எப்பங்க அழிக்கறீங்க?"

"உங்களுக்கு வருத்தமில்லீங்களா?"

"வருத்தமா? எங்க ஊட்டுக்காரி ஒரு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசறதில்லீங்க. 'இருவது பேரு உங்க பேரப் போட்டுக்கிட்டுச் சுத்தறாங்களாமே'ன்னு கேக்கறா. அந்தப் பக்கம் தலை காட்ட முடியலீங்க. அதான் சைக்கிள் ஓட்டவும் வரலை."

"அப்ப ஏனுங்க முன்னமே சொல்லலை?"

"சொன்னனுங்களே. 'பேரெல்லாம் எதுக்குங்க'ன்னு அன்னைக்கே சொன்னனுங்க."

சொன்னார்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என்ன அடக்கம் என்று நினைத்து எழுத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னேன்.

"ரெண்டாந்தரம் சொன்னா உங்க ஆசைய மறிச்ச மாதிரி ஆயிருமுங்களே" என்றார் சுப்பண்ணன்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

குளக்கரை ஓட்டத்தை ரத்து செய்துவிட்டு எல்லோரும் தின்னரும் உப்புத்தாளுமாக வாய்க்கால்மேட்டுக்குப் போனோம். காலை ஏழிலிருந்து மதியம் வரை தேய்த்தோம். மோகனப்பிரியாவின் நகமெல்லாம் பச்சை. பெண்களும் வந்து உட்கார்ந்து தேய்த்தார்கள். அதுவரை "இருக்கட்டுங்க" என்று சொன்னவர்கள் என் கையிலிருந்த தாளை வாங்கி என்னைவிட அழுத்தித் தேய்த்தார்கள். சென்னியம்மாளின் சைக்கிளையும் கொண்டுபோயிருந்தேன். வாங்கி வாசலில் நிறுத்திக்கொண்டார். இடம் இருந்தது.

12 ஜனவரி, ஞாயிறு

ஓடுவது ஏழுதான். மற்றவை ஏன் நிற்கின்றன? பேச்சு இன்னும் ஓயவில்லையா, வேறு எதையாவது எழுதி வைத்திருக்கிறேனா? கேட்டால் "ஓட்டோணுமுங்க."

மாலையில் சைக்கிள் பாதை மனுவின் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். கடை கடையாகப் போய் நான் வாங்கிய கையெழுத்துகள். உங்கள் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த முடியாமல் போகும், பரவாயில்லையா என்று எல்லாரையும் கேட்டேன். எல்லாரும் சொன்னது ஒன்றுதான். "செரிங்க." ஒன்பது வருடமாக என்ன கேட்டிருக்கிறேன், என்ன காதில் வாங்கியிருக்கிறேன்?

14 ஜனவரி, பொங்கல்

சுப்பண்ணன் வீட்டிலிருந்து ஒரு கட்டுக் கரும்பு வந்தது. கட்டின் மேல் பெயர் எதுவும் இல்லை.

26 ஜனவரி, ஞாயிறு

பதினாறு ஓடுகின்றன. பாப்பாயியும் ஓட்டுகிறாராம், மோகனப்பிரியா போனில் சொன்னார். தறி மட்டும் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. சைக்கிள்களைத் திருப்பி வாங்கும் பேச்சை மோகனப்பிரியா எடுக்கவே இல்லை.

10 பிப்ரவரி, திங்கள்

ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு விடிகாலையில் வாய்க்கால்மேட்டுப் பாதையில் போய் நின்றேன். லைட்டுகள் வரிசையாக வந்தன. பாப்பாயி என்னைப் பார்த்து நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்ற எட்டி எட்டிப் பார்த்து, கடைசியில் குதித்தே இறங்கினார். போன வாரம் தறியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்களாம். அவருக்குப் பதிலாகப் போட்ட ஆள் நின்றுவிட்டானாம். செயின் கவரில் பெயின்ட் போன இடம் தகரமாகப் பளபளத்தது.

"வண்டியெல்லாம் சரியா இருக்குங்களா?" என்றேன்.

"செரிங்க. நெம்ப நல்லாருக்குதுங்க" என்று பெடலில் கால் வைத்தார்.

போகட்டும் என்று விட இருந்தேன். பிறகு, "நெசமாலுமே செரிங்களா?" என்று இன்னொரு முறை கேட்டேன்.

அவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"ரெண்டு வெரக்கடை எறக்குனாத் தேவலைங்க. மொத நாள்ல இருந்தே ஒசரமுங்க."

பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன்.