வயிற்றில் வாய், முகத்தில் கை

அன்புள்ள வாண்டுக்கு, அம்மா எழுதுவது. நானும் தம்பியும் நலம், முழங்காலை விட்டுவிட்டால் அப்பாவும் நலம். அங்கே நீயும், நீ மாட்டிக்கொள்கிற அந்த ரப்பர் தோலும் நலமா. படத்தின் மூன்றாம் பாகத்தில் நடிக்க வரமாட்டேன் என்று சொல்லிவிடப் போகிறேன், முகமே தெரியாத வேலையில் என்ன இருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாம் பாகத்தின் டிஸ்க் கடைக்கு வந்த அன்றே தம்பி வாங்கி வந்துவிட்டான். வேற்றுக்கிரகத்து ஆறு பேர் பூமியில் வாடகைக்கு வீடு தேடி அலைவதும், வீட்டுக்காரி கேட்கிற கேள்விகளுக்குப் பயந்து ஓடப் பார்ப்பதும், தியேட்டரிலேயே வயிறு வலிக்கச் சிரித்த படம்தான். அந்த ஆறு பேரில் நீ யார் என்று நீ சொல்லவே இல்லை, நீங்களே கண்டுபிடிங்க என்று விட்டுவிட்டாய். முன்னால் நின்று அதட்டுகிற நெட்டைத் தளபதிதான் நீ என்று தியேட்டரிலேயே அப்பா முடிவு கட்டிவிட்டார். அவள் குள்ளமாயிற்றே என்று நான் சொன்னால், உள்ளே கட்டை வைத்திருப்பார்கள் என்றார், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். லிஃப்ட் பழுதுபார்க்கப் போன கட்டிடத்தில் எல்லாம் பெருமையடித்துவிட்டு, உனக்கும் போன் போட்டு மூச்சுவிடாமல் புகழ்ந்தார், நீயும் "சரிப்பா" என்று கேட்டுக்கொண்டாய். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், உன் அப்பா பக்கத்துக் கூட்டுக் குஞ்சைக் கொஞ்சிவிட்டு வந்திருக்கிறார்.

டிஸ்க்கில்தான் நினைத்த இடத்தில் நிறுத்தலாமே. வீட்டுக்காரி, "நீங்கல்லாம் குளிப்பீங்களா?" என்று கேட்கிற இடம் வந்தது. ஐந்து பேர் வயிற்றைக் குலுக்கிச் சிரிக்கிறார்கள், அவர்களுக்கு வாயே வயிற்றில்தானே. கதவோரம் நிற்கிற குட்டை மட்டும் கையைத் தூக்கி முகத்தைப் பொத்திக்கொள்கிறது. நிறுத்துடா என்று கத்தினேன். முன்பல் கோணலாக முளைத்த நாளிலிருந்து நீ சிரிக்கும்போது பொத்துவாயே அதே கை, மூன்று விரல் உறைக்குள்ளும் கடைசி விரல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. தியேட்டரே அதிர்ந்தது அந்த இடத்தில்தான் வாண்டு, நாங்களும் சிரித்தோம், பெற்ற பெண் என்று தெரியாமலே.

படம் எடுத்த கதையும் அதிலேயே இருக்கிறது. முகத்தைப் பொத்தியது எழுதி வைத்ததில்லை, தவறிச் செய்தது, ஆனால் எல்லாரும் சிரித்துவிட்டதால் வெட்ட மனம் வரவில்லை, ஆறாம் நம்பர் பெரிய கெட்டிக்காரி என்று இயக்குநர் சொல்கிறார். அப்பாவுக்கு வந்ததே கோபம், "பேர் வச்சு வளத்தோம்யா, நம்பரா போட்டு வளத்தோம்?" என்று டிவியோடு சண்டைக்குப் போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது நான் இல்லப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ" என்றார்.

முகமும் இல்லாமல் குரலும் இல்லாமல் ஒரு கையை வைத்துக்கொண்டு ஊரையே சிரிக்க வைத்திருக்கிறாயே, எனக்குப் பெருமை தாங்கவில்லை, நான் பெற்றதுதானா இது என்று இருக்கிறது. அங்கே இருப்பதும் விடுவதும் உன் இஷ்டம். யாருக்கும் தெரியவில்லை என்பதற்காக மட்டும் விடாதே, எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த வாரம் முழுக்க அப்பா பழைய கட்டிடங்களுக்கே போய்க்கொண்டிருக்கிறார். "அந்த நெட்டை இல்லைங்க, கதவோரமா மூஞ்சியப் பொத்திக்கிட்டு நிக்குதே, அதான் எங்க பொண்ணு" என்று, முன்பு பெருமையடித்தவர்களிடமெல்லாம் திருத்திச் சொல்கிறாராம். நேற்று ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் ஓடவில்லை, அந்த முழங்காலோடு மாடி மாடியாகப் படியேறிச் சொல்லிவிட்டு வந்துதான் லிஃப்டையே தொட்டிருக்கிறார்.

தோலைக் கழற்றியதும் தண்ணீர் குடி, வியர்வையோடு காற்றில் நிற்காதே. எந்தத் தோலுக்குள் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். இனி யார் ஆள் மாறிப் புகழ்ந்தாலும், அப்பாவாகவே இருந்தாலும், அது நான் இல்லை என்று வாய் திறந்து சொல், மறக்காதே.

இப்படிக்கு,
ஆறாம் நம்பரைப் பெற்றவள்