வெட்ட வெட்டப் பகா எண்

மச்சான்,

இன்று மலாக்கா பாச்சாங்கில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. எண் 7393. பக்கத்து மேசைக்காரர் நாலு நம்பர் லாட்டரி எடுப்பதற்கு அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டார். நான் மூன்றால் போகாது, ஏழால் போகாது என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். அது எனக்குத் தெரிந்த எண்.

லூபோக் சீனாவிலிருந்து ஆயர் குரோ தொழிற்சாலைக்கு உன் காரில் போன வருடங்களில், ஊரார் வண்டி எண்களில் அதிர்ஷ்டம் தேடினார்கள். நாம் அவற்றை வகுத்துப் பார்த்தோம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் வகுபடாத பகா எண் சிக்கினால் நீ ஹாரன் அடிப்பாய். முன்னால் போகிறவன் கையை நீட்டித் திட்டுவான். மலாக்காவின் பாதி வாகனங்களை வகுத்து முடித்த மாமன்னர்கள் நாம். மீதிப் பாதி பயந்து பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானுக்கு ஓடிவிட்டது.

இனிப்பு நீர் நோய் முதலில் உன் கால் விரல்களை எடுத்தது. பிறகு பாதத்தை. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்று டாக்டர் சொன்னதும், கையெழுத்துப் போட மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உன் மனைவி, என் தங்கை, வெளியே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பேசுண்ணே. ஒன் கோமாளித்தனத்துக்குத்தான் அவரு மசிவாரு."

உள்ளே போய் முழங்கினேன். "ஒலகமே நடுங்குற நம்பர் கொண்டாந்திருக்கேன் மச்சான். 73939133. பகா எண்."

"இங்க ஹாரன் இல்ல லா," என்றாய், திரும்பாமலே.

"கடைசி இலக்கத்த வெட்டு. மிச்சமும் பகா எண். இன்னும் வெட்டு, அதுவும் பகா எண். வெட்டிக்கிட்டே போ, கடைசி வரைக்கும் அப்படித்தான். இந்த வகையில இதவிடப் பெரிய நம்பரே கெடையாது."

"அளக்காத மச்சான்."

"கோடி தடவ வகுத்துப் பாத்துட்டுத்தான் வரேன்."

நீ நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாய் வெட்டி 7393க்கு வந்தாய். அதை மட்டும் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தாய். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. வகுபடவில்லை.

"கடைசியில ஏழுதான் நிக்குமா?"

"ஏழும் பகா எண்தான்."

"அதையும் வெட்டுனா?"

ஏழு கண்டத்துக்கும் பதில் சொல்லும் நான், ஒப்புதல் தாளை எடுத்து உன் தலையணைமேல் வைத்தேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்துவிட்டுக் கையை நீட்டினாய். "சரி, வெட்டட்டும். பேனா குடு லா."

இன்னும் இரண்டு தீபாவளி எங்களோடு இருந்தாய். நான் கார் ஓட்ட, பக்கத்து இருக்கையிலிருந்து எட்டி ஹாரன் அடித்தாய். அப்புறம் சிறுநீரகமும் போயிற்று.

உன் சவப்பெட்டியை நால்வர் தூக்கினோம். கணக்குப்படி நான்கில் ஒரு பங்குதான் என் தோளுக்கு. மச்சான், நீ நான்கால் வகுபடவில்லை. முழு எடையும் என்மேல்தான் இருந்தது. இன்னும் இறக்கி வைக்கவில்லை.