மருந்தைச் செரித்த புல்

ஜனவரி 6

ஆய்வகத்துப் பசுமைக்குடிலில் இன்று தொட்டிகளுக்கு மருந்து அடித்தேன். அத்தானின் கோதுமை வயலிலிருந்து போன அறுவடையில் பொறுக்கி வந்த களைப்புல் விதை, முளைத்து நிற்கிறது. கோதுமை நாற்றோடு வைத்தால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. வரிசைக்கு ஒரு மருந்து. முதல் இரண்டும் அத்தான் வருடக்கணக்காக மாற்றி மாற்றி அடித்துத் தோற்றவை. மூன்றாவது புதிது, அந்த வயல் அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவர் அதைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறார்.

ஜனவரி 9

அக்கா போனில்: "உங்க அத்தான் புது மருந்த வாங்கிக் கொட்டகையில வச்சாச்சு. நீ சரின்னா அடிச்சிடுவாரு."

தொட்டி பதில் சொல்லட்டும் என்றேன்.

ஜனவரி 14

மூன்றாவது வரிசை மஞ்சளாகிச் சுருண்டு கிடக்கிறது. அப்பாடா. ஆனாலும் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 20

அதே வரிசையில், செத்த இலைகளுக்கு நடுவே பச்சைக் குருத்து. ஒன்றிரண்டில் இல்லை, பாதிக்கு மேல்.

ஜனவரி 21

பார்த்தே இராத மருந்தை எப்படித் தாங்குகிறது? நேற்று முழுக்க இதே யோசனை.

அத்தானுக்கு ஒரு பழக்கம். "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு" என்று சொல்லி, பயிர் சுணங்கிவிடுமோ என்ற பயத்தில், குறைத்தே அடிப்பார். நாம்தான் களைக்கொல்லிக்கும் மருந்து என்றே பேர் வைத்திருக்கிறோமே. குழந்தைக்குப் புகட்டுவதுபோல் புகட்டியிருக்கிறார். சோனிகள் செத்தன. மருந்தை உள்ளேயே உடைத்துக் கொஞ்சமாவது செரிக்கத் தெரிந்தவை பிழைத்து, தங்களுக்குள் மகரந்தம் மாற்றிக்கொண்டு, இன்னும் நன்றாகச் செரிக்கும் பிள்ளைகளைப் பெற்றன. இப்போது அதன் வயிற்றுக்கு எந்த மருந்து என்ற பேதமில்லை. பல்லும் நாக்கும் இல்லாத ஒரு புல்! எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

ஜனவரி 31

சந்தேகம் தீர்ந்தது. செரிமானத்தைத் தடுக்கும் ஒரு பொருளை மருந்தோடு கலந்து அடித்திருந்தேன். புல் செத்தது. பக்கத்தில் வைத்து அதே கலவையை அடித்த கோதுமையும் செத்தது. கோதுமை இதுநாள்வரை எந்த வித்தையால் பிழைத்ததோ அதே வித்தையைப் புல்லும் பழகியிருக்கிறது. இனி ஒன்றை விட்டு ஒன்றைக் கொல்வது எப்படி? அழகாகத்தான் மாட்டியிருக்கிறோம்.

பிப்ரவரி 2

வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"அளவு கூட்டி அடிச்சா?" என்றார் அத்தான்.

"கொஞ்சம் சாகும். மிஞ்சறது இன்னும் கெட்டியாயிடும்."

"வேற வழி?"

"புல்லு விதை கட்டறதுக்குள்ள பச்சையா அறுத்துத் தீவனத்துக்குக் குடுத்திடணும். கோதுமையோட சேர்த்து."

அக்காதான் பேசினாள். "கதிர் விடப்போற பயிருடீ. அந்தப் புல்லப் பத்திப் பேசறப்ப மட்டும் உன் மூஞ்சில என்னா ஒரு களை வருது."

தெரிந்துதான் சொன்னாளா? சிரிக்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 3

உறைத்தது. அவ சொன்னது நிசந்தானே. அவங்க வீட்டுச் சோத்துல மண்ணு விழுது, நான் தொட்டி முன்னாடி நின்னு வாயப் பொளந்துக்கிட்டு இருக்கேன். அதுக்காக — வியக்காம இருக்க முடியுதா? அதுவும் இல்ல.

பிப்ரவரி 19

வயலில் அறுப்பு இயந்திரம் ஓடுகிறது. அத்தானே ஓட்டுகிறார். பச்சைக் கோதுமையும் புல்லும் ஒன்றாகச் சரிந்து மாட்டுப்பண்ணை வண்டியில் ஏறுகின்றன. புல்லில் இன்னும் பூதான், விதை கட்டவில்லை.

கிழக்கு மூலை மட்டும் பாக்கி. பயிர் அங்கேதான் தளதளவென்று நின்றது. புல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. "அதையாவது விட்டுடுங்களேன், வீட்டுக்காச்சும் ஆகும்," என்றாள் அக்கா. எனக்கும் வாய்வரை வந்தது, விட்டுவிடுங்கள் என்று.

அத்தான் இயந்திரத்தை நிறுத்தி, அந்த மூலையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நம்மள இத்தன வருஷம் ஏமாத்தின கெட்டிக்காரி அது. அங்க இல்லாமயா இருப்பா?" என்றார். பிறகு அதையும் அறுத்தார்.