பச்சையாய் மின்னிய படம்

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பிரின்சிக்கு,

மாமா தானியேல் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் உன் அக்கா சுகிர்தா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். திருப்பூரில் உனக்கு ஓவர்டைம் என்று தெரியும், ஆனாலும் இதை உட்கார்ந்து படி. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் காகிதம்.

ஆபரேஷன் நடக்கும்போதே "எல்லாம் போச்சு பிரின்சி" என்று உன்னை அழவைத்தேனே, அது என் முட்டாள்தனம். மறுபடி கூப்பிட்டு "நல்லா கீறா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கட்டி வந்த மார்பை எடுத்துவிட்டு, வயிற்றுச் சதையை அங்கே வைத்துப் புது மார்பு செய்தார்கள். வைத்த சதைக்கு ரத்தம் போகிறதா என்று பார்க்க, நரம்பில் ஒரு சாயத்தை ஏற்றித் தனிக் கேமராவில் படம் எடுப்பார்களாம். சின்ன டாக்டர் அந்தப் படத்தை வெளியே கொண்டுவந்து காட்டினார். முழுக்கப் பச்சையாய் மின்னியது. ஒரு மூலை மட்டும் கறுப்பு.

பதினாறு வருஷமாக நான் பார்க்கிற வேலை உனக்குத் தெரியும். வார்த்த இரும்பில் சாயம் தடவி, துடைத்து, இருட்டறையில் லைட் அடிப்போம். மின்னுகிற இடம்தான் விரிசல். ஒரு கோடு மின்னினாலே கழிவு போடும் சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும். என் பெண்டாட்டியோ முழுக்க மின்னுகிறாள். டாக்டர் பேசியது எதுவும் காதில் ஏறாமல் உன்னைக் கூப்பிட்டேன். அவர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, "மின்னுற இடத்துலதான் சார் ரத்தம் ஓடுது, கறுப்பா இருக்கிறதத்தான் வெட்டப்போறோம்" என்றார்.

வெட்டினார்கள். மிச்சம் பிடித்துக்கொண்டது. மீஞ்சூர்க்கார நர்ஸ் ஒருத்தி மணிக்கொரு தரம் வைத்த சதையைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறது என்று எழுதிப் போனாள்.

மூலை போனதால் இடப்பக்கம் கொஞ்சம் சிறிசு. உன் அக்கா இன்னும் கண்ணாடி பார்க்கவில்லை. கட்டு மாற்றும்போது சுவரைப் பார்த்துக்கொள்கிறாள். நேற்றும் அப்படியே திரும்பிக்கொண்டு, "நீ செக்கர்தானே, பாத்து சொல்லு, இன்னா மாதிரி கீது?" என்றாள். பாஸ் என்றேன். "பாஸான பீஸுக்கு மஞ்சப் பெயிண்ட் வெப்பியே, எங்க?" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். நான் அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன்.

கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல அவளுக்கு ஜாக்கெட் தைக்க வருவாய். இந்த வருஷம் வேண்டாம் என்பாள், கேட்காதே. பழைய அளவு நோட்டைக் கொண்டுவராதே. டேப்பை எடுத்துப் புதிதாக அளவெடு, இரண்டு பக்கமும். இடப்பக்கம் வரும்போது உன் கை நிற்கக்கூடாது. வேறெதுவும் நான் கேட்கவில்லை.

கர்த்தர் உன் கையைத் திடப்படுத்துவாராக.

அன்புடன்,
மாமா தானியேல்