கடனை வேறு வங்கிக்கு மாற்றிய கதை

மோலோ, இலோய்லோ
பிப்ரவரி 9

என் செல்ல மகளே, இண்டாய் ரோவேனா,

அந்தக் குளிர் ஊரில் நீ சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், இங்கே உன் அப்பாவின் வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். போனில் சொன்னால் நீ என்னைப் பேசி முடிக்க விடமாட்டாய், பாதியிலேயே "நானாய், பணம் அனுப்பிட்டேன், விடுங்கம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். என் கார்டு கடனை அடைக்க ஜெர்மன் வகுப்பை நிறுத்திவிட்டு, சனி ஞாயிறு ஹோட்டல் அறை துடைக்கும் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னாயே, அன்றிலிருந்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பு இல்லாமல் பரீட்சை இல்லை, பரீட்சை இல்லாமல் நீ அங்கே நர்ஸ் இல்லை, கடைசி வரை உதவியாள்தான். நாலு வருஷம் படித்தது படுக்கை விரிப்பு மாற்றவா?

கடன் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீ புறப்படும்போது வழியனுப்பு விருந்து என்று இரண்டு முழுப் பன்றி சுட்டு, பாட்டு மெஷின் வாடகைக்கு எடுத்து, தெருவையே கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒரு லட்சம் பெசோ, எல்லாம் கார்டில். மகள் ஜெர்மனிக்குப் போகிறாள், வெறும் நூடுல்ஸ் போட்டு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். பிறகு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை மூவாயிரத்து முன்னூறைத் தவறாமல் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். பதினாலு மாதத்தில் கட்டியது நாற்பத்தாறாயிரத்துக்கு மேல், கடனில் இறங்கியது ஐயாயிரம். முப்பத்தொரு வருஷம் ஆறாம் வகுப்புக்குச் சதவீதக் கணக்கு போட்டுக் காட்டியவள் நான். மாதம் மூன்று சதவீதம் என்று பில்லின் அடியில் அச்சடித்தே இருந்தது, படித்துப் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

உன் போனுக்கு அப்புறம்தான் புத்தி வந்தது. கடைத்தெருவில் வேறொரு வங்கிக்காரப் பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள், "மேடம், உங்க பழைய பாக்கியை எங்க கார்டுக்கு மாத்திக்கோங்க, மாசம் அரை பர்சன்ட்தான், இருபத்துநாலு மாசத்துல முடிஞ்சிரும்" என்றாள். உன் அப்பா என் முழங்கையை இழுத்து, "ஒரு குழிய மூட இன்னொரு குழியா, வா போலாம்" என்றார். நான் நகரவில்லை. அரை சதவீதம் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கா, முதலில் மாற்றிய தொகைக்கா என்று கேட்டேன். அந்தப் பெண் யாரையோ கேட்டுவந்து, முதல் தொகைக்கு என்றாள். அப்படியானால் சொல்லும் அளவுக்கு மலிவில்லை, இருந்தாலும் தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு இரண்டு வருஷ வட்டி பதினோராயிரத்து நானூறு, பழைய இடத்தில் நாலு மாதத்தில் தின்றுவிடுவார்கள். அவள் கொடுத்த நோட்டீஸின் பின்பக்கத்திலேயே கணக்கைப் போட்டு உன் அப்பாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "டீச்சர் இன்னும் ரிடையர் ஆகல" என்றார். கையெழுத்துப் போட்டுக் கடனை மாற்றிவிட்டேன், மாதத் தவணை நாலாயிரத்து நானூற்றுச் சொச்சம். கூடுதலாகத் தேவைப்படும் ஆயிரத்து நூறுக்கு ஞாயிற்றுக்கிழமை சேவல் பந்தயத்தை அவராகவே விட்டார், இதை நான் கேட்கவே இல்லை. ஒரு தவணை தாமதமானாலும் பழைய வட்டி ஏறிவிடும் என்பதால் என் பென்ஷன் வந்த மறுநாளே கட்டிவிடுகிறேன். புதுக் கார்டில் ஒரு சோப்புகூட வாங்குவதில்லை.

இனிச் சொல்வதுதான் நான் மறுபடி விழப்போன இடம். பழைய கார்டில் பாக்கி பூஜ்யம் என்று வந்ததும் உன் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தெருவில் சொல்லிவிட்டார். உடனே என் பெரியம்மா மகள், நான் மனாங் என்று கூப்பிடும் தெர்சிங் அக்கா, பரிவாரத்தோடு வந்து, "கடன் தீந்துச்சாமே, விருந்து எப்போ?" என்று உட்கார்ந்துவிட்டாள். நல்லது நடந்தால் ஊருக்குச் சோறு போட வேண்டும், போடாதவள் கஞ்சப் பிசினாரி. கடன் தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது என்றால் யார் கேட்கிறார்கள். "கார்டுதான் காலியா இருக்கே, ஒரு பன்னி என்ன பெரிய விலை" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், பன்றி சுடுகிறவரின் நம்பரைப் போனில் தேடிவிட்டேன். அதற்குள் நீ அறை துடைக்கிற காட்சி கண்ணுக்குள் வந்தது. எழுந்து போய் மீன் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துவந்து அவர்கள் முன்னாலேயே பழைய கார்டை இரண்டாக வெட்டினேன், வங்கிக்குப் போன் செய்து கணக்கையும் மூடச் சொன்னேன். "எங்க வீட்ல இன்னிக்கு கருவாடும் கஞ்சியும்தான் மனாங், இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டாள், ஆனால் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அன்று எனக்கு இருந்த பெருமை, நீ பட்டம் வாங்கிய அன்றுகூட இருந்ததா தெரியவில்லை.

நீ அனுப்பிய முப்பதாயிரத்தை நேற்றே உன் கணக்குக்குத் திருப்பிவிட்டேன், மறுபடி அனுப்பினால் மறுபடியும் திருப்புவேன். இந்தத் தெருவில் பிள்ளை அனுப்பும் பணத்தில் கடன் அடைக்காத தாய் நான் ஒருத்திதான், அந்தப் பெயரை எனக்கு விட்டுவிடு. எனக்காக உன் படிப்பையே விடத் துணிந்தாயே, அந்த மனசு யாருக்கு வரும், அதை நினைத்தால் பெருமையும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் விருந்து வைத்தவள் நான், நீ அங்கே போனது நர்ஸாக இருக்க.

நம் கோயில் புனித அன்னம்மாள் உன் கூடவே இருந்து காப்பாளாக. இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள், ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் சோறு வைத்துச் சாப்பிடு. வகுப்புக்குப் பணம் கட்டிய ரசீதை இந்த மாதம் முடிவதற்குள் படம் எடுத்து அனுப்பு. தவணை கட்டுவது நான், பாடம் படிப்பது நீ, ஒருவர் வேலையை ஒருவர் தொடக்கூடாது.

உன்னை நினைத்து நெஞ்சு நிமிர்த்தி நடக்கும் உன் அம்மா, உன் நானாய்,
நெனிதா